உங்கள் நாடியை நீங்களே எண்ணுங்கள்



இன்று நம்மில் பல வீடுகளில் சுகர் நோட்டு ஒன்று இருக்கிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம். பி.பி. எவ்வளவு என்று கேட்டாலும் உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால், "சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் நாடி நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இல்லை.

இதற்கு ஊசி வேண்டாம், ஸ்டிரிப் வேண்டாம், காசும் வேண்டாம். இரண்டு விரல்களும் நொடிமுள் உள்ள ஒரு கடிகாரமும் போதும். ரத்த சோகை, தைராய்டு கோளாறு, உடலில் நீர் வற்றுதல், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகிய பல குறைகளின் முதல் அடையாளம் மணிக்கட்டில்தான் தெரியவரும். ஆகவே இந்த மாதப் பாடமாக நாடித் துடிப்பை எடுத்துக்கொள்வோம். படித்துவிட்டு மூடி வைக்காமல், வீட்டில் ஒருவருக்கொருவர் எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாடி என்பது என்ன?

நம் இதயம் ஏறக்குறைய அவரவர் கை முஷ்டியின் அளவுள்ள ஒரு தசைப் பை. அதன் வலது மேலறையில் ஒரு சிறிய திசுமுடிச்சு இருக்கிறது. அதுதான் 'இப்போது சுருங்கு' என்று இதயத்துக்கு மின் குறிப்பு கொடுக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் இதயம் ஒரு முறை சுருங்கி, ஏறத்தாழ 70 மில்லி ரத்தத்தைத் தமனிக்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் அலை தமனிச் சுவர் வழியாக ஓடி வருகிறது. தோலுக்கு அருகில் தமனி வரும் இடங்களில் விரலை வைத்தால் அந்த அலை நமக்குத் தட்டுப்படும். அதைத்தான் நாடி என்கிறோம். ஆஸ்பத்திரியில் பல்ஸ் என்கிறார்கள்.

நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் வெளியேறிச் சுற்றி வருகிறது. தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாடி வேறு, பி.பி. வேறு. நாடி என்பது எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கை. பி.பி. என்பது ரத்தம் தமனிச் சுவரை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்ற அளவு. நாடி சரியாக இருப்பதால் பி.பி. சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பி.பி. 170 இருப்பவருக்கும் நாடி 72 என்று அமைதியாக ஓடலாம். எனவே ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடக் கூடாது.

நாடி பார்த்த முன்னோர்

நாடி பார்த்து நோய் அறிவது பழைய கலை. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியும் ஒன்று. மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். யூனானி ஹகீம்கள் இதை நப்ளு என்பார்கள்.

இப்னு சீனா (980 – 1037) தம்முடைய 'அல்கானூன் ஃபித்திப்' என்ற மருத்துவ நூலில் நாடிக்கென்றே நீண்ட பகுதி எழுதியிருக்கிறார். தமனி எவ்வளவு விரிகிறது, எவ்வளவு வலிமையாகத் தட்டுகிறது, எவ்வளவு வேகம், ஒழுங்காக வருகிறதா என்று பத்து அம்சங்களாகப் பிரித்து நாடியை ஆராயச் சொல்கிறார். காதல் ஏக்கத்தால் மெலிந்து கிடப்பவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, பல பெயர்களையும் இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, எந்தப் பெயரில் நாடி மாறுகிறது என்று கவனித்தால் மனதில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். மனதில் ஏற்படும் சலனம் நாடியில் தெரியும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் (இறப்பு 1288), இதயத்தின் வலப் பக்கத்து ரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப் பக்கத்தை அடைகிறது என்று எழுதினார். ரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருவதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் நூலாக வெளியிட்டார்.

ஆனால் நிமிடத்துக்கு எத்தனை என்று துல்லியமாக எண்ணும் வசதி அந்தக் கால ஹகீம்கள் பலருக்கு இல்லை. கையில் நொடி காட்டும் கடிகாரம் கிடையாது. ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-இல் நூலாக எழுதினார். அவர் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய வசதி இன்று நம் சுவரிலும் செல்போனிலும் இருக்கிறது.

எண்ணுவது எப்படி?

1. முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பேச வேண்டாம். மாடிப்படி ஏறி வந்த உடனேயோ, டீ, காபி குடித்த உடனேயோ, கோபத்திலோ எண்ணினால் சரியான அளவு கிடைக்காது. உடற்பயிற்சி செய்திருந்தால் ஒரு மணி நேரமாவது போகட்டும்.

2. இடது உள்ளங்கையை மேல்நோக்கி மடியிலோ மேசையிலோ வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டை நோக்கி வந்தால், எலும்புக்கும் நரம்புபோல் நீண்டிருக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். தமனி அங்கேதான் ஓடுகிறது.

3. வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் அந்தப் பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள். கட்டைவிரலிலும் நாடி உண்டு. அதை எண்ணிவிட நேரும்.

4. அழுத்திப் பிடித்தால் நாடி மறைந்துவிடும். மிக லேசாக வைத்தால் தெரியாது. தட்டுப்படும்வரை சிறிது கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

5. நொடிமுள் 12-க்கு வரும்போது எண்ணத் தொடங்குங்கள். 30 நொடியில் வந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். 37 வந்தால் நிமிடத்துக்கு 74.

6. துடிப்பு ஒழுங்கில்லாமல் வந்தால் பெருக்கல் கணக்கு வேண்டாம். முழு 60 நொடியும் எண்ணுங்கள்.

சிலர் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவார்கள். அவசரத்துக்கு அது போதும். ஆனால் அதில் ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் நான்கு தவறும். 30 நொடி எண்ணினால் இரண்டுதான் தவறும். நோட்டில் எழுதுவதற்கு 30 நொடியே நல்லது.

மணிக்கட்டில் கிடைக்காதவர்களுக்குக் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும், லேசாகத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒருபோதும் அழுத்தக் கூடாது, மயக்கம் வந்துவிடும். வயதானவர்களுக்குக் கழுத்தில் பார்ப்பதைத் தவிர்த்து மணிக்கட்டிலேயே பாருங்கள். கைக்குழந்தைக்கு மேற்கையின் உட்புறத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் தங்கள் நாடியைத் தாங்களே எண்ணிக்கொள்ளலாம்; வேறு யாருடைய உதவியும் தேவையில்லை. வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருந்தால் பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

எவ்வளவு இருக்கலாம்?

ஓய்வாக இருக்கும்போது ஏறத்தாழ:

பிறந்த குழந்தை: 100 முதல் 160
1 முதல் 3 வயது: 95 முதல் 140
3 முதல் 5 வயது: 80 முதல் 120
6 முதல் 12 வயது: 75 முதல் 120
பெரியவர்கள்: 60 முதல் 100

குழந்தையின் நாடியைப் பெரியவர் அளவோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். சிறிய இதயம் ஒவ்வொரு முறையும் சிறிதளவே தள்ளுகிறது. அதனால் அதிக முறை துடிக்கிறது.

நன்றாக ஓடி விளையாடும் இளைஞர்களுக்கும் நாள்தோறும் கடினமாக உடலுழைப்பவர்களுக்கும் 50-க்குப் பக்கத்தில் இருக்கலாம். அவர்களுடைய இதயம் பலப்பட்டு, ஒரே தள்ளலில் அதிக ரத்தம் அனுப்புகிறது. தலைசுற்றலோ களைப்போ இல்லையென்றால் அது குறை அல்ல.

உங்களுக்கு உரிய அளவு எது?

60 முதல் 100 என்பது எல்லோருக்குமான வேலி. அதற்குள் உங்களுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் முக்கிய நோக்கம்.

காலையில் ஃபஜ்ருக்கு விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், 30 நொடி எண்ணுங்கள். சிறுநீர் அவசரமாக இருந்தால் போய்வந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்கள். ஏழு நாள் எழுதுங்கள். உதாரணமாக 74, 72, 76, 73, 75, 74, 74 என்று வந்தால் கூட்டுத்தொகை 518. ஏழால் வகுத்தால் 74. இதுவே அவருடைய ஓய்வு நாடி.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு எப்போதும் 88. இன்னொருவருக்கு எப்போதும் 64. ஆனால் கடந்த பத்து நாளாகக் காலையில் 88. இருவரும் மருத்துவமனையில் போய் நின்றால் இருவருக்கும் '88, நார்மல்' என்றே எழுதுவார்கள். ஆனால் இரண்டாமவர் உடலில் ஏதோ மாறியிருக்கிறது. காய்ச்சல் வரப்போகிறதோ, ரத்தம் குறைந்திருக்கிறதோ, தைராய்டு கூடியிருக்கிறதோ, பார்க்க வேண்டும். அந்த 64-ஐ எழுதி வைத்திருந்தால்தான் மருத்துவரிடம் இதைச் சொல்ல முடியும்.

ஏன் கூடுகிறது?

நடந்தால், பயந்தால், கோபப்பட்டால் கூடுவது இயல்பு. சிறிது நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். ஓய்விலும் கூடுதலாகவே இருந்தால் காரணம் தேட வேண்டும்.

காய்ச்சல்: உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி ஏறத்தாழ 8 முதல் 10 வரை கூடும். காய்ச்சல் இறங்கிய பிறகும் நாடி வேகமாக இருந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, நோயாளி சோர்ந்து கிடந்தால் அதைக் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நீர் வற்றுதல்: வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் வேலை.

ரத்த சோகை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இருப்பதை வேகமாகச் சுற்றவிட்டு இதயம் ஈடுசெய்கிறது. அதனால் படபடப்பு, மூச்சு வாங்குதல்.

தைராய்டு அதிகமாகச் சுரத்தல்: இளைத்துப்போதல், கைநடுக்கம், அதிக வியர்வை சேர்ந்து வரும்.

நீண்டநாள் சர்க்கரை நோய்: இதயத்துக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் ஓய்விலும் நாடி வேகமாகவே நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். எனவே சுகர் நோட்டில் நாடிக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

மருந்தும் பழக்கமும்: சால்பூட்டமால் இன்ஹேலர், சில சளி மாத்திரைகள், அளவு கூடிய தைராக்ஸின், புகை, அதிகமான டீ, காபி. கர்ப்ப காலத்தில் 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பெண் 'நெஞ்சு படபடன்னு அடிக்குது' என்றால் 'கவலைதான் காரணம், மனதைப் போட்டுக் குழப்பாதே' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கவலையாலும் படபடப்பு வரும் என்பது உண்மை. ஆனால் எண்ணிப் பார்க்காமல் அதைக் கவலை என்று முடிவுகட்டும் உரிமை யாருக்கும் இல்லை. படபடக்கும் அந்த நேரத்திலேயே ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கே பாதி நிம்மதி கிடைத்துவிடும்.

ஏன் குறைகிறது?

தூக்கத்தில் குறையும். பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் வகை மாத்திரைகள் நாடியைக் குறைக்கும். அதற்காகவேதான் பலருக்குக் கொடுக்கிறார்கள். இவற்றைச் சாப்பிடுபவருக்கு 55 என்று வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பி.பி.யும் நாடியும் எகிறி, நெஞ்சுவலிவரை போகலாம். எண்ணை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் அளவைக் குறைப்பார்.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் நாடி குறையும். வயதானவர்களுக்கு இதயத்தின் மின் பாதையில் தடை ஏற்பட்டு 40 அல்லது அதற்கும் கீழே போவதுண்டு. தலைசுற்றி விழுவார்கள். 'வயசாயிடுச்சு, அதான் தடுமாறுறாங்க' என்று விட்டுவிடாமல் நாடியை எண்ணிப் பாருங்கள். இது பேஸ்மேக்கர் வைத்துச் சரிசெய்யக்கூடிய நோய்.

எண்ணிக்கையை விட ஒழுங்கு முக்கியம்

நாடியில் விரல் வைத்தபடி, துடிப்புக்கு ஏற்ப இன்னொருவர் தரையில் காலால் தட்டட்டும். சீராகத் தட்ட முடிந்தால் நாடி ஒழுங்காக இருக்கிறது.

குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். இது இயல்பானது. சீராக வந்துகொண்டிருக்கும்போது எப்போதாவது ஒன்று தவறி, அடுத்தது பலமாகத் தட்டுவதும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் தீங்கில்லை. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக என்று எந்த வரிசையும் இல்லாமல் வந்தால் கவனம் தேவை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறாக அது இருக்கலாம். இதில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டியது. தேவையானவர்களுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைச் சரியாகக் கொடுத்தால் அந்த அபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும்.

இக்கோளாறு வயதானவர்களுக்கும் பி.பி. உள்ளவர்களுக்கும் அதிகம். சிறுவயதில் மூட்டுவீக்கக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இள வயதிலும் வரும். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. வாய் கோணி, கை விழுந்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்ள மிக எளிய வழி, மாதம் ஒருமுறை நாடியில் விரல் வைத்துப் பார்ப்பது. ஒழுங்கில்லை என்று பட்டால் ஈசிஜி எடுங்கள். சந்தேகத்தைத் தீர்ப்பது ஈசிஜிதான்.

கருவிகள்

பி.பி. மிஷினில் கடைசியாகக் காட்டும் எண் நாடி. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு இந்த மிஷின் தவறான அளவு காட்டலாம். அப்போது விரலால் எண்ணுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப் கருவி பல வீடுகளில் கிடக்கிறது. அதில் இரண்டு எண்கள் வரும். சதவீதக் குறியுள்ளது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன், மற்றது நாடி. ஆக்ஸிஜன் 97, நாடி 84 என்று இருப்பதை மாற்றிப் படித்து, ஆக்ஸிஜன் 84 என்று பதறி ஓட வேண்டாம். நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் அந்தக் கருவியின் ஒளியைத் தடுக்கும். கை குளிர்ந்திருந்தாலும் சரியாகக் காட்டாது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி நாடியைக் கணக்கிடுகிறது. தளர்வாகக் கட்டினாலோ கை அசைந்துகொண்டிருந்தாலோ தவறும். அது எச்சரிக்கை கொடுத்தால் முதலில் உட்கார்ந்து விரலால் எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக் கவலைப்பட்டால், அந்தக் கவலையே நாடியைக் கூட்டிவிடும்.

நடைப்பயிற்சியில் நாடி

220-இலிருந்து வயதைக் கழித்தால் அந்த வயதில் நாடி எட்டக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ கிடைக்கும். மிதமான நடைக்கு அதில் 50 முதல் 70 சதவீதம் போதும்.

40 வயது: 90 முதல் 126
50 வயது: 85 முதல் 119
60 வயது: 80 முதல் 112

இது தோராயக் கணக்கே. நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான நடை. பள்ளிவாசலுக்கு வண்டியில் போகிறவர்கள் ஒரு வேளையாவது நடந்து போனால் இதற்கான வழி பிறக்கும். சில மாதங்கள் தொடர்ந்து நடந்தால் காலை நாடி சற்று இறங்கியிருப்பதை நோட்டிலேயே பார்க்கலாம்.

நோன்பு காலத்தில்

இதய நோய், பி.பி., சுகர் உள்ளவர்கள் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரைகளை ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகப் பகல் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வெயில் காலத்து நோன்பில் அஸருக்குப் பிறகு நாடி வழக்கத்தைவிட வெகுவாகக் கூடி, எழுந்து நின்றால் கண் இருட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் ஸஜ்தாவிலிருந்து மெதுவாக எழுங்கள். நோன்பு திறந்ததும் கடுந்தேநீருக்கு முன் தண்ணீர் குடியுங்கள். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் ஆலிம்களிடம் கேட்டு அதன்படி நடங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சில நாட்களுக்குள்: ஓய்விலும் நாடி தொடர்ந்து 100-க்கு மேல், அல்லது உங்கள் வழக்கமான அளவிலிருந்து காரணம் தெரியாமல் மாறி ஒரு வாரமாக அப்படியே இருத்தல், அல்லது ஒழுங்கில்லாத துடிப்பு.

அன்றே: ஓய்விலும் 120-க்கு மேல் நிற்றல், 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றல், களைப்பு.

உடனே 108: நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், குளிர்ந்த வியர்வை. இந்த நேரத்தில் நாடி சரியாக இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கும் நாடி 80 இருக்கலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். அதேபோல் முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குளறல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஒருவர் விழுந்து, கூப்பிட்டாலும் அசைவில்லாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் நாடியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது

1. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை மேலே எழுதுங்கள்.

2. ஏழு நாள் காலை நாடியை எழுதி, சராசரி எடுங்கள். கணக்கைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

3. எண்ணுக்குப் பக்கத்தில் 'ஒழுங்கு' அல்லது 'ஒழுங்கில்லை' என்று எழுதுங்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை மாதம் ஒருமுறை தொடருங்கள்.

4. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரை அனுப்பி அவர்களுக்கும் எண்ணிக் கொடுங்கள். இதுவும் ஓர் உதவிதான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்